கம்பனிக்கு நான் எழுதிக்கொடுத்த கடல்

கம்பனி எங்கள் கரைக்கு வந்த அன்றைக்கு பாண்ட் வாத்தியம் வந்தது. பங்குச் சுவாமி வந்து தீர்த்தம் தெளித்தார். பிரதேச செயலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். கொழும்பிலிருந்து மீன் பெட்டிக்குள் ஐஸ் போட்டுக் கேக் வந்தது. பத்து வருடம் கழித்துக் கம்பனி போன அன்றைக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது, அதுவும் எழுத்துப் பிழையோடு. நடுவில் இருந்த பத்து வருடமும் நான் அந்தக் கம்பனியின் சம்பளக்காரி. உப்பைத் தின்றவள் இப்படிப் பேசலாமா என்று யாரும் கேட்கவேண்டாம். அவர்கள் தந்த உப்பு எவ்வளவு என்று எனக்குத்தான் தெரியும்.

சண்டை முடிந்து, கடலுக்குப் போகிறவர்களுக்கு இருந்த கட்டுப்பாடுகள் மெல்ல மெல்லத் தளர்ந்த காலம் அது. மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் எங்கள் ஊர். முப்பது வள்ளம் இருக்கும். நாட்டில் முதன்முதலாகக் கடலுக்கு ரேடியோ கொண்டுவந்தது தாங்கள்தான் என்று கம்பனி சொல்லிக்கொண்டது. கைத்தொலைபேசியை முதலில் கொண்டுவந்ததும் தாங்கள்தானாம். முதல், முதல், முதல். அவர்கள் தந்த தொப்பியில், பேனையில், குடையில், சாப்பாட்டுப் பெட்டியில் எல்லாம் அந்த ஒரு சொல்தான். முதலாவதாக வந்தவன் கடைசி வரைக்கும் முதலாவதாகவே இருப்பான் என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது.

ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு ரேடியோ. எங்கள் ஆட்கள் அதை 'செட்' என்பார்கள். செட்டில் பேசினால் கரையிலும் கேட்கும், மற்ற வள்ளங்களிலும் கேட்கும். கரையில் கேட்கிறதற்கு ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள் நான். மீனவர் சங்கக் கட்டடத்தில் ஒரு அறை தந்தார்கள். ஒரு மேசை, ஒரு கதிரை, பூட்டு வேலை செய்யாத ஒரு அலுமாரி, கூரைக்கு மேல் நீட்டி நின்ற ஒரு கம்பம். பதவிக்குப் பெயர் 'கரை நிலைய அதிகாரி'. உயர்தரம் படித்தவள், கொஞ்சம் இங்கிலீஸ் தெரியும், நானாட்டானில் ஒரு அரசாங்கக் கந்தோரில் பயிற்சிக்குப் போன வருடத்தில் பொறுக்கிய சிங்களமும் இருந்தது. அதனால் அதிகாரியாகிவிட்டேன். என் மாமியார் அன்றைக்குக் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினார், மருமகள் மின்விசிறிக்குக் கீழே உட்காரப் போகிறாள் என்று.

வேலை இதுதான். நாளுக்கு மூன்று தரம் வள்ளங்களைக் கூப்பிட்டு, எங்கே நிற்கிறீர்கள், எத்தனை பாகம் ஆழத் தண்ணீர், மீன் எப்படி என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதவேண்டும். கிழமைக்கு ஒரு தரம், ஏழு நாளையும் சேர்த்து, அதைக் கொழும்புக்கு அனுப்பவேண்டும். கொழும்பில் இருந்து இதை யோசித்தவருக்கு இதில் என்ன கோளாறு என்று தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் கரையில் பால்பல் விழாத பிள்ளைக்கும் தெரியும். மீன் படுகிற இடத்தை யாராவது வாய்விட்டுச் சொல்வார்களா? கூடப்பிறந்த அண்ணனுக்குச் சொல்லமாட்டார்கள். பாவசங்கீர்த்தனத்தில் எல்லாப் பாவத்தையும் சொல்வார்கள், இடத்தைச் சொல்லமாட்டார்கள். அப்படிப்பட்டவர்களின் கையில் முப்பது வள்ளத்துக்கும் ஒரே நேரத்தில் கேட்கிற ஒரு செட்டைக் கொடுத்து, நீ எங்கே நிற்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வார்கள்?

பொய்தான் சொன்னார்கள். அச்சொட்டாக, ஒழுங்காக, நாளுக்கு மூன்று தரம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு முறை இருந்தது. ஒருவர் ஆழத்தைப் பாதியாக்கிச் சொல்வார். இன்னொருவர் போன கிழமை நின்ற இடத்தை இந்தக் கிழமை சொல்வார். சங்கத் தலைவர் எங்கே நின்றாலும் கரைக்குக் கிட்ட என்பார், அவருடைய எஞ்சின் தலைமன்னாருக்கு அப்பால் இரைந்துகொண்டிருக்கும். 'ஒண்டும் இல்லை, வலையில சாதாழைதான்' என்று கடற்பாசியைச் சொல்லி ஒருவன் சலித்துக்கொண்டால் வலை நிறையப் பாரை என்று அர்த்தம். மீன் நல்லாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் மற்றவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள்.

இவர்களுக்குள் பேர்போன பொய்யன் என் மனுசன். ஆனால் அவருடைய பொய் மிகவும் இலேசானது. சிக்கலான பொய்யை ஞாபகம் வைத்திருக்க அவருக்குப் பொறுமை கிடையாது. முசலிப் பக்கம், அதாவது கிழக்கே நின்றால் மேற்கு என்பார். தலைமன்னார்ப் பக்கம், மேற்கே நின்றால் கிழக்கு என்பார். சொல்லிவிட்டு மடுமாதாவையும் இழுப்பார். 'மாதாவாணை, மேற்காலதான் நிக்கிறன்.' செட்டில் என்னைக் 'கரை' என்றுதான் கூப்பிடுவார், ஏதோ கலியாணமே கட்டாதவர் மாதிரி. பின்னேரம் வீட்டுக்கு வந்து, குசினிப் படியில் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டு, அன்றைக்கு எங்கே நின்றார் என்று உண்மையைச் சொல்வார். நான் மனதுக்குள் சரி பார்ப்பேன். ஒரு நாளும் பிழைத்ததில்லை. கிழக்கென்றால் மேற்கு, மேற்கென்றால் கிழக்கு.

கொப்பியில் அவர்கள் சொன்னதைத்தான் எழுதினேன். கம்பனி கேட்டது அதைத்தானே. உண்மை என் தலைக்குள் இருந்தது, அதைக் கம்பனி கேட்கவில்லை. ஆனால் ஊருக்கு அது உதவியது. ஒரு முறை ஒரு வள்ளத்துக்கு எண்ணெய் முடிந்துபோனது. அவர் அந்தரம் ஆபத்தில் இருந்துகொண்டும் இடத்தை மாற்றித்தான் சொன்னார், காலையில் அவருக்கு அங்கே அறுக்குளா மீன் பட்டிருந்தது. நான் அவருடைய பொய்யைத் திருப்பிப் போட்டு மற்றவர்களை அனுப்பினேன். போன உடனே கண்டுபிடித்துக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். இப்படி மூன்று நாலு முறை நடந்தபிறகு, கரை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊரில் பேச்சு வந்தது. எனக்குத் தலை கொஞ்சம் வீங்கித்தான் போனது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

இதற்கிடையில் கம்பனி என் கொப்பிகளை வைத்து ஒரு காரியம் செய்தது. கொழும்பில் யாரோ படித்த பிள்ளைகள் உட்கார்ந்து அவ்வளவு இலக்கத்தையும் கணினியில் ஏற்றி, மன்னார்க் கடலின் மீன்வளப் படம் ஒன்று வரைந்தார்கள். மினுங்குகிற தாளில், நாலு நிறத்தில். மீன் நிறைய இருக்கிற இடம் சிவப்பு, ஒன்றும் இல்லாத இடம் நீலம். படத்தைச் சுவரில் ஒட்டச் சொல்லி எனக்கும் ஒன்று அனுப்பினார்கள். நான் பார்த்தேன். எங்கள் ஆட்கள் ஒரு நாளும் வலை போடாத வெறும் சாதாழைக் காடு முழுக்க இரத்தச் சிவப்பு. மீன் கொட்டிக் கிடக்கிற இடமெல்லாம் வெளிர் நீலம். சங்கத் தலைவர் வந்து படத்துக்கு முன்னால் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நல்ல படம் பிள்ளை, இதை எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒட்டு என்றார். மற்றக் கரைக்காரர்களும் வந்து பார்த்துப் போகட்டுமாம்.

அந்தப் படத்தை நம்பி வெளிநாட்டு விருந்தாளிகள் நாலு பேரைக் கம்பனி கூட்டிக்கொண்டு வந்தது. கொழும்பிலிருந்து எங்கள் மனேஜரும் வந்தார். நல்ல மனுசன், சும்மா சொல்லக்கூடாது. வெள்ளைச் சேட்டும் வெள்ளைச் சப்பாத்துமாகக் கடற்கரையில் இறங்கிய முதலும் கடைசியுமான ஆள். எல்லாரையும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைக்குள் திணித்து, என் மனுசனுடைய வள்ளத்தில் ஏற்றி, சிவப்பு இடத்துக்கு விடச் சொன்னார். என் மனுசன் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கூட்டிக்கொண்டு போய் மூன்று மணித்தியாலம் வலை போட்டு எடுத்து, ஒரு சாக்குச் சாதாழையும் ஒரு பழைய செருப்பும் கொண்டுவந்தார். மனேஜருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடியே கரைக்கு வந்தார். அன்றைக்கு மீனுக்கு விருப்பமில்லை என்று விருந்தாளிகளுக்கு விளக்கம் சொன்னார்கள். அந்த வருடக் கடைசியில் கம்பனி எனக்குச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் அனுப்பியது. துல்லியமான பதிவுக்காக.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவேண்டும்? சொன்னால் முப்பது வள்ளமும் என்னை ஊர்விலக்கு வைத்திருக்கும். சான்றிதழை வீட்டு விறாந்தையில் மாட்டினோம். என் மனுசன் அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார், நானும் சிரிப்பேன்.

பிறகு கைத்தொலைபேசிக் காலம் வந்தது. அதுதான் கம்பனியின் பொற்காலம். பனைகளுக்கு மேலால் கோபுரம் எழும்பியது. மன்னார் ரவுனில் கண்ணாடிக் கதவு போட்ட கடை திறந்தார்கள். உள்ளே குளிர் போட்டிருந்தபடியால் ஒன்றும் வாங்காதவர்களும் போய் நின்றார்கள். போனும் சும்மா போன் இல்லை. கீழே போட்டால் தரை உடையும். அதால் நண்டுக் கால் உடைத்துச் சாப்பிட்டவர்களை என் கண்ணால் கண்டிருக்கிறேன். மனேஜரிடம் சொன்னபோது அதையும் விளம்பரத்தில் போடலாமா என்று கேட்டார்.

ஒரு சின்னக் குறை மட்டும் இருந்தது. எங்கள் கரைக்குக் கம்பனிக் கோபுரத்தை விடக் கடலுக்கு அங்காலே இருக்கிற கோபுரத்தின் அலைதான் பலமாக வந்தது. கடற்கரைக்குப் போய்ப் போனை எடுத்தால், இந்தியாவுக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம் என்று செய்தி வரும். எங்கள் அயலில் ஒரு குடும்பம், தமிழ்நாட்டு அகதி முகாமில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது. அந்த வீட்டு அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, அங்கே இருந்த இருபது வருடமும் ஒரு நாயும் இப்படி வரவேற்கவில்லை, இப்போது கொடியில் உடுப்புக் காயப்போடுகிற நேரம் பார்த்து வரவேற்கிறான்கள் என்று சொன்னார். நான் இதை முறைப்பாடாக எழுதி அனுப்பினேன். கொழும்பிலிருந்து பதில் வந்தது, எங்கள் வாடிக்கையாளர்கள் வெளிநாட்டுச் சேவையையும் விரும்பிப் பாவிப்பது மகிழ்ச்சி தருகிறதாம்.

அதற்குப் பிறகு தடவுகிற போன்கள் வந்தன. எங்கேயோ செய்து, எப்படியோ வந்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் வாளியும் சீப்பும் விற்கிற கடையிலேயே வாங்கலாம் என்று ஆகிவிட்டது. நான் மனேஜருக்குச் சொன்னேன், சேர், எங்கள் பொடியன்கள் எல்லாம் அந்தப் போனுக்கு மாறுகிறார்கள் என்று. அவர் சிரித்தார். மீன்பிடிக்கிறவன் ஈரக் கையால் கண்ணாடியைத் தடவுவானா, எங்கள் மக்களுக்குப் பட்டன்தான் வசதி என்றார். எங்கள் மக்களோ போனைச் சொப்பின் பைக்குள் போட்டு முடிந்து, பைக்கு மேலால் தடவினார்கள். கம்பனிக் கடையில் குளிர் மட்டும் மிஞ்சியது. அடுத்த வருடம் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

கடைசியாகக் கம்பனி ஒரு வித்தை காட்டியது. சவர்க்காரக்கட்டி அளவில் ஒரு பெட்டி. அதை வள்ளத்தில் வைத்தால், வள்ளம் நிற்கிற இடம் தானாகவே கொழும்பில் திரையில் தெரியும். மற்ற வள்ளக்காரரும் போனில் பார்க்கலாம். இனி யாரும் வாயால் சொல்லத் தேவையில்லை, பிழை வராது என்று மனேஜர் சங்கக் கூட்டத்தில் கையை விரித்து விளக்கினார். முப்பது பேரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மற்றவரின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த அமைதியைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் முப்பது பெட்டியும் ஒரு மீன் கூடைக்குள் போயிருந்தன. கூடை கோயிலுக்குப் பின்னால் இருக்கிற மீன் வாடிக் கொட்டிலில். கொழும்புத் திரையில் மன்னார் மீனவர் முழுப்பேரும் கோயில் வளவுக்குள் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மனேஜர் எடுத்துக் கேட்டார், இன்றைக்குத் திருநாளா என்று. ஓம் சேர் என்றேன். ஆனால் நாள்தோறும் திருநாள் கொண்டாட முடியாதே. ஆகவே கரையோரத்தில் நண்டு வலை போடுகிற ஒரு கிழவரின் தோணியில் கூடையை ஏற்றிவிட்டார்கள். அதன்பிறகு திரையில் முப்பது வள்ளமும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, சுற்றுப்பிரகாரம் போகிற மாதிரி கரையோரமாய்ப் போய்த் திரும்பி வந்தன. எங்கள் மக்கள் ஒற்றுமையானவர்கள் என்று மனேஜர் ஒரு அறிக்கையில் எழுதினாராம்.

சிரிக்கிற கதை இவ்வளவுதான்.

கம்பனி மூடப்போகிறது என்று முதலில் கடிதம் வந்தது. மாதக் கடைசியோடு கரை நிலையம் இல்லை. பழைய செட்டைக் கழற்றிப் பெட்டியில் கட்டி அனுப்பவேண்டும். அந்தக் கடைசிக் கிழமையில் ஒரு நாள் என் மனுசன் தனியாகக் கடலுக்குப் போனார். கூடப் போகிறவர் நேர்த்திக்கென்று குடும்பத்தோடு மடுமாதா கோயிலுக்குப் போயிருந்தார். வாடைக்காற்று பிடித்திருந்த நாள், கரையிலிருந்து வெளியே தள்ளுகிற காற்று. போகவேண்டாம் என்று சொன்னேன். நான் சொல்லி அவர் எதைக் கேட்டார்.

மத்தியானம் தாண்டியதும் செட்டில் அவருடைய குரல் வந்தது. மின்கலம் இறங்குகிற சத்தத்தோடு, துண்டு துண்டாக.

"இஞ்சேரும், எஞ்சின் நிண்டு போச்சு. கிழக்கால நிக்கிறன். முசலிப் பக்கம், பதினொரு பாகத் தண்ணி. கிழக்கால."

பிறகு ஒன்றும் இல்லை. நான் கூப்பிட்டேன், கூப்பிட்டேன், இரைச்சல் மட்டும்தான் வந்தது. அவ்வளவு தூரத்துக்குப் போனும் எடுபடாது. அந்தக் குரலைக் கரைக் கம்பம்தான் பிடித்திருந்தது. மற்ற வள்ளங்கள் எல்லாம் அந்நேரம் கரை சேர்ந்துவிட்டன, வேறு யாரும் கேட்கவில்லை.

அவர் சொன்னது என் காதில் கிழக்கு என்று விழுந்தது. என் தலையில் மேற்கு என்றுதான் பதிந்தது. ஒரு நொடிகூட எடுக்கவில்லை. பத்து வருடப் பழக்கம். தலைவர் ஓடி வந்தார். மேற்கே நிற்கிறார், தலைமன்னார்ப் பக்கம் என்று சொன்னேன். என் மனுசன் செட்டில் என்ன சொன்னார் என்று நான் சொல்லவில்லை, தலைவரும் கேட்கவில்லை. கரை சொன்னால் சரி. ஆறு வள்ளம் தள்ளினார்கள். கடற்படைக்கும் நானே தொலைபேசியில் சிங்களத்தில் சொன்னேன், மேற்கு என்று. அவர்களும் அந்தப் பக்கமே போனார்கள்.

தள்ளுகிற நேரத்தில் தலைவர் ஒரு கேள்வி கேட்டார்.

"பிள்ளை, எதுக்கும் கிழக்காலயும் ரெண்டை விடுவமோ?"

"தேவையில்லை," என்றேன். "எனக்கு அவரைத் தெரியும்."

அவர்கள் போய் ஒரு மணித்தியாலத்தில் கொழும்பிலிருந்து மனேஜர் எடுத்தார். கடற்படை கம்பனியைக் கேட்டிருக்கிறது போல. பயப்பட வேண்டாம் மிஸ், நான் திரையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், உங்கள் கணவருடைய படகு கரைக்கு மிகக் கிட்ட, நல்ல பத்திரமாக இருக்கிறது என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது கிழவருடைய தோணியில் இருந்த கூடையை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மனுசனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். உங்கள் படமும் நீங்களும், உங்கள் பெட்டியும் நீங்களும் என்று தொடங்கிப் பரம்பரை வரைக்கும் போனேன். அவர் பாவம், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மன்னிக்கவேண்டும் என்றார். போனை வைத்தபிறகுதான் கவனித்தேன், அந்தப் படத்தை எழுதிக்கொடுத்தது நான்தான்.

அப்போது வேறொன்றும் ஞாபகம் வந்தது. அவர் மாதாவை இழுக்கவில்லை. பத்து வருடத்தில் முதல் தரமாக ஆணையிடாமல் இடம் சொன்னார். என்னைக் கரை என்றும் கூப்பிடவில்லை, வீட்டில் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார். அது என் காதில் விழுந்துதானே இருந்தது. விழுந்ததை ஏன் நான் எடுக்கவில்லை? ஓடிப்போய்ச் செட்டைப் பிடித்து, போன வள்ளங்களைக் கிழக்கே திரும்பச் சொல்லிக் கத்தினேன். கடற்படைக்கும் எடுத்துச் சொன்னேன். எல்லாரும் அப்போது வெகு தூரம் போய்விட்டார்கள். ஆறு வள்ளத்தில் ஒன்றுக்குத்தான் கேட்டது. அவர்கள் திரும்பிக் கரையைக் கடந்து கிழக்கே போவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது, வாடை அவரை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தது.

அந்த ஒன்றரை நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. மாமியார் கோயிலில் முழங்காலில் நின்றார். நான் அந்த அறையில் செட்டுக்கு முன்னால் இருந்தேன். ஊர்ப் பெண்கள் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கம்பனிக்காரன் நாசமாய்ப் போக என்று திட்டினார்கள். பெட்டி சரியாக வேலை செய்திருந்தால் இப்படி வந்திருக்குமா என்றார்கள், கூடைக்குள் பெட்டியைப் போட்டவர்களின் பெண்சாதிமாரே. நானும் தலையை ஆட்டினேன். மூடிக்கொண்டு போகிற கம்பனியை யார் எவ்வளவு ஏசினாலும் அது திருப்பிக் கேட்கப் போவதில்லை.

மூன்றாம் நாள் காலை முசலிப் பக்கத்து வள்ளம் ஒன்று அவரைக் கண்டெடுத்தது. உயிர் இருந்தது. உதடு இரண்டும் வெடித்து, கண் உள்ளே போய், தோல் உரிந்து கிடந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சேலைன் ஏறிக்கொண்டிருக்கும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நான் கிழக்கால எண்டுதானே சொன்னனான்," என்றார்.

"ஓம்."

"கேட்கேல்லையோ?"

"கேட்டது."

அவர் என் பக்கம் திரும்பினார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசவும் இல்லை, அழவும் இல்லை. கணக்குப் பிழைத்த பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார்.

"நம்பேல்லை, என்ன?"

நான் பஞ்சை நனைத்து அவருடைய உதட்டில் வைத்தேன்.

இரண்டு கிழமை கழித்துச் சங்கக் கூட்டம் வைத்தார்கள். கம்பனிக்கு எதிராக ஒரு கண்டனக் கடிதம் எழுதுவதற்கு. கம்பனியே இல்லை, யாருக்கு அனுப்புவது என்று யாரும் யோசிக்கவில்லை. அவருக்கு முன்வரிசையில் கதிரை போட்டு இருத்தினார்கள். கடிதத்தில் நடந்ததைச் சரியாக எழுதவேண்டும் என்று தலைவர் பேனையைத் திறந்துவைத்துக்கொண்டு, அவரிடம் கேட்டார், தம்பி, நீர் செட்டில் எந்தப் பக்கம் என்று சொன்னனீர் என்று. முசலிக்காரர் கண்டெடுத்த இடத்தைப் பார்த்தால் ஆறு வள்ளத்தையும் கரை ஏன் மேற்கே விட்டது என்று சிலருக்கு விளங்கவில்லையாம். பின்னால் யாரோ என்னைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. எழும்பி உண்மையைச் சொல்லவேண்டும் என்று கதிரைப் பிடியைப் பற்றினேன்.

அவர் முந்திக்கொண்டார்.

"மேற்கால எண்டுதான் சொன்னனான். மாதாவாணை. அவ சரியாத்தான் சொன்னவ. எஞ்சின் நிண்ட பிறகு நீரோட்டம்தான் என்னைக் கொண்டுபோனது."

தலைவர் அதை எழுதிக்கொண்டார். எல்லாருக்கும் ஆறுதல். கரை பிழைவிடவில்லை. யாரோ என் தோளைத் தட்டினார்கள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் எழும்பவில்லை. அன்றைக்கும் எழும்பவில்லை, அதன்பிறகு இந்த நாலு வருடத்தில் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. இப்போது எழுதுகிறேன். அவர் கிழக்கு என்றுதான் சொன்னார்.